நானூறு சதவீதம்

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி திங்கட்கிழமை காலை, உயிர் உணரி ஆய்வு நிறுவனத்தின் வாசலில் உள்ள கண்ணாடிப் பலகையில், ரத்தத்தில் இருக்கும் புற்றுநோய் மருந்தை ஒரே நிமிடத்தில் அளந்து சொல்லும் கருவியின் நாற்பத்தொன்றாவது அறிமுக விழா வரும் வெள்ளிக்கிழமை நடைபெறும் என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டது.

முதல் நாற்பது விழாக்களும் அதே அரங்கில், அதே கருவிக்கு நடந்தவை. ஆனால் ஒவ்வொரு முறையும் கருவி முன்பைவிடக் கூர்மையாகியிருந்தது. முதல் கருவி ஒரு வாளித் தண்ணீரில் கலந்த துளி மருந்தைக் கண்டுபிடித்தது. பத்தாவது கருவி நீச்சல்குளத்தில் கலந்த துளியை. இருபத்தைந்தாவது, ஏரியில் கலந்த துளியை. நாற்பதாவது கருவியின்போது இயக்குநர் மேடையில், "இனி கடல் ஒன்றுதான் பாக்கி" என்று அறிவித்தார். இந்த முறை கடல்.

கருவியின் தத்துவம் எளிமையானது. விரல் நீளத்தில் ஒரு பட்டை. அதன் முனையில் தங்கப் பூச்சு. தங்கத்தின்மேல் டி.என்.ஏ. இழைகள் புல் முளைத்ததுபோல் நிற்கும். ரத்தத்தில் மருந்து இருந்தால் அது போய் அந்த இழைகளில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் பட்டையில் ஓடும் மின்சாரம் குறையும். எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து எவ்வளவு மருந்து என்று கணக்கிடலாம். கருவி வேலை செய்தது. அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வேலை செய்யும் கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது பற்றி மட்டும் நிறுவனத்தில் இதுவரை பேச்சு எழவில்லை.

ஒவ்வொரு கருவியையும் சோதித்துக் காட்ட மனித ரத்தம் தேவைப்பட்டது. முதல் விழாவின்போது ரத்தம் தர ஆள் கிடைக்காமல் இயக்குநர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கீழே டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் ரத்தம்தான். ஆய்வுக் கட்டுரைகளில் அவர் "ஆரோக்கியமான மனிதர் ஒருவர்" என்று குறிப்பிடப்பட்டார். ரத்தக் குழாயின்மேல் "நார்மல்" என்று அச்சிட்ட தாள் ஒட்டப்படும். நாளடைவில் அந்தப் பெயர் குழாயிலிருந்து ஆளுக்கு மாறிவிட்டது. வாசல் காவலர்கூட "என்ன நார்மல், வண்டி எடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார்.

டிரைவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. "எந்தெந்த நாட்டுலயோ என் ரத்தத்தைப் பத்திப் படிக்கிறாங்க, தெரியுமா?" என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னார்.

"படிக்கிறவங்க யாராவது இந்த மாசம் மளிகை வாங்கித் தருவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

சோதனை எப்போதும் ஒரே மாதிரி நடக்கும். டிரைவரிடமிருந்து ரத்தம் எடுத்து, அவர் கையில் ஒரு வாழைப்பழம் கொடுப்பார்கள். ரத்தத்தை உப்புக் கரைசலில் ஆயிரம் பங்காகக் கரைப்பார்கள். அதில் இரண்டு அளவு மருந்தைக் கலப்பார்கள். கருவியில் வைப்பார்கள். கருவி இரண்டு என்று காட்டும். எல்லாரும் கைதட்டுவார்கள்.

அறிவிப்பு ஒட்டப்பட்ட அதே திங்கட்கிழமை, டிரைவரின் மனைவிக்கு நகரத்து மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் மஞ்சள் நிற மருந்து ஒன்று நரம்பு வழியாக ஏற்றப்பட்டது. அவளுக்கு நிணநீர்ப் புற்று. நான்கு மாதமாகச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. புதன்கிழமை காலை பெண் மருத்துவர் டிரைவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"ரெண்டு நாள்ல இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீர்ல வெளிய போயிரணும். இவங்களுக்குப் போற மாதிரி தெரியல. சிறுநீரகம் தடுமாற ஆரம்பிச்சிருக்கு."

"அதுக்கு மருந்து இல்லையா டாக்டர்?"

"இருக்கு. முறிவு மருந்து குடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். கூட்டணுமா வேணாமாங்கறதுதான் கேள்வி. குறைச்சுக் குடுத்தா சிறுநீரகம் போயிரும். கண்ணை மூடிட்டு அள்ளிக் குடுத்தா, புத்துநோய்க்கும் சேர்த்துக் காவல் போட்ட மாதிரி ஆயிரும். ரத்தத்துல எவ்வளவு மிச்சம் நிக்குதுன்னு தெரிஞ்சாகணும். இங்க அளக்கற மெஷினுக்கு ஊத்தற ரசாயனம் தீர்ந்து போச்சு. வெளியூருக்கு அனுப்பியிருக்கேன். செவ்வாய்க்கிழமைதான் வரும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் யூகம்தான்."

டிரைவரின் முகம் தெளிந்தது. "இதுக்குப் போயா டாக்டர் கவலைப்படறீங்க? எங்க ஆபீஸ்ல ஒரு நிமிஷ வேலை."

மருத்துவர் நிறுவனத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டார். "அவங்க கட்டுரை ரெண்டு மூணு படிச்சிருக்கேன். நெஜமாவே வேலை செய்யுதா?"

"நாப்பது தடவை செஞ்சிருக்கு டாக்டர். என் ரத்தத்துலதான்."

வெளியூருக்கு அனுப்ப எடுத்த அதே ரத்தத்தில் இன்னொரு குழாய் மிச்சம் இருந்தது. மருத்துவர் அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். கட்டிலில் படுத்திருந்த மனைவிக்கு உதடெல்லாம் புண். பேசுவது சிரமம். ஆனாலும் பேசினாள்.

"ஏங்க, பழக்க தோஷத்துல அங்க போய் உங்க ரத்தத்தைக் குடுத்துட்டு, வாழைப்பழத்தைத் தின்னுட்டு வந்துராதீங்க."

ஆய்வகத்தில் பட்டைகளைச் செய்பவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. தங்கத்தின்மேல் டி.என்.ஏ.வை நடுவது அவள் வேலை. டிரைவர் விஷயத்தைச் சொல்லிக் குழாயை நீட்டியதும் அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு வாங்கினாள்.

"எவ்வளவு கலந்திருக்காங்க அண்ணா?"

"எதை?"

"மருந்தை. எவ்வளவு கலந்தாங்கன்னு தெரியணுமே."

"அதைத்தானே பாப்பா நீ சொல்லணும்?"

மாணவி மேசைமேலிருந்த நோட்டைத் திறந்து காட்டினாள். "எங்க அட்டவணைல முதல் கட்டம், கலந்தது. ரெண்டாவது கட்டம், கண்டது. ரெண்டும் ஒத்துப்போனா மூணாவது கட்டத்துல நூறு சதவீதம்னு போடுவோம். முதல் கட்டம் காலியா இருந்தா மூணாவது கட்டத்துல என்ன போடறது?"

"தெரியாததைக் கண்டுபிடிக்கத்தானே மெஷின்?"

"இதுவரைக்கும் தெரியாததை யாரும் கொண்டுவந்ததில்ல அண்ணா" என்றாள் அவள். கேலி செய்யவில்லை, யோசித்துப் பார்த்துச் சொன்னாள்.

அளந்து கொடுக்க அவளுக்கு மனம் இருந்தது, பட்டை இல்லை. கடலில் துளியைத் தேடும் புதிய பட்டை மொத்தம் மூன்று. மூன்றும் வெள்ளிக்கிழமை விழாவுக்காக இயக்குநர் அறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. இருவரும் இயக்குநரைப் பார்க்கப் போனார்கள்.

இயக்குநர் இளகிய மனம் படைத்தவர். டிரைவரை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் அவர் உட்காருவது அதுவே முதல் முறை.

"கேக்கவே கஷ்டமா இருக்குப்பா. புத்துநோயாளிகளுக்காகத்தான் இந்த நிறுவனமே. நம்ம எந்தக் கட்டுரையை வேணா எடுத்துப் பாரு, முதல் வரி அவங்களைப் பத்தித்தான் இருக்கும். ரெண்டாவது வரியிலேர்ந்து கொஞ்சம் விலகிப் போயிருவோம். அது அறிவியலோட இயல்பு."

"இந்த ரத்தத்தை மட்டும் அளந்து குடுத்துட்டீங்கன்னா சார்..."

"அங்கதான் சிக்கல். சோதனைக்கு எங்களுக்கு நிஜ மாதிரி வேணும், நிஜ சாம்பிள். இது நிஜ மாதிரி இல்ல."

"நிஜ ரத்தம்தான் சார். காலைல எடுத்தது."

"ரத்தம் நிஜம்தான். ஆனா நோயாளியோட ரத்தம். அதுல வாந்தி மாத்திரை இருக்கும், வலி மாத்திரை இருக்கும், நோய் வேற இருக்கும். இதையெல்லாம் நாங்க குறுக்கீடுன்னு சொல்வோம். நிஜ மாதிரின்னா உன் ரத்தம். ஒரு தொந்தரவும் இல்லாத ரத்தம். அதுல நாங்களே மருந்தைக் கலக்கறோம், நாங்களே எடுக்கறோம். நடுவுல யாரும் வர்றதில்ல." அவர் சற்று முன்னால் சாய்ந்தார். "இன்னொன்னு. உன் மனைவி ரத்தத்துல மருந்து ரொம்ப ஜாஸ்தி. நாங்க கடல்ல துளியைத் தேடற ஆளுங்க. நீ துளிக்குள்ள கடலைக் கொண்டுவந்து வச்சா கருவி திணறிப் போயிரும்."

"ஆயிரம் பங்கு கரைச்சா அளவுக்குள்ள வந்துரும் சார்" என்றாள் மாணவி.

"கரைக்கலாம்மா. ஆனா யோசிச்சுப் பாரு. இத்தனை வருஷமா எல்லையைக் கீழ கீழ கொண்டு போயிருக்கோம். ஒருத்தருக்கு உடம்பு சரியில்லைங்கறதுக்காக அதை மேல தூக்க முடியுமா?"

"நார்மல் அண்ணா ரத்தத்தைக் கரைக்கத்தானே செய்றோம் சார்?"

"அது நடைமுறை. இது சலுகை" என்றார் இயக்குநர். டிரைவர் எழுந்துகொள்ளாததைக் கண்டு அவர் குரலைத் தணித்தார். "நான் தடையா இருக்க விரும்பல. நாளைக்கு நெறிமுறைக் குழு கூடுது. அவங்க சரின்னா எனக்கும் சரி."

நெறிமுறைக் குழு என்பது மனித ரத்தத்தைத் தொடுமுன் ஒப்புதல் தரவேண்டிய ஐந்து பேர் கொண்ட குழு. ஐந்து பேரும் இருந்தால்தான் கூட்டம் செல்லும். ஐவரில் ஒருவர் அறிவியல் அறியாத பொதுமனிதராக இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பொதுமனிதர் டிரைவர்தான். மற்ற நான்கு பேரையும் வீட்டிலிருந்து காரில் அழைத்து வருபவர் அவரே என்பதால் வேறொருவரைத் தேடும் அவசியம் நேரவில்லை. ஆரோக்கியமான மனிதர் ஒருவரின் ரத்தத்தை எடுக்கலாம் என்று அவர் இதுவரை நாற்பது முறை ஒப்புதல் அளித்திருந்தார்.

வியாழக்கிழமை காலை டிரைவர் நான்கு உறுப்பினர்களையும் அழைத்து வந்து, காரை நிழலில் நிறுத்திவிட்டு, மேலே போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்தார். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர். விண்ணப்பத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நோயாளி உங்க மனைவியா? அப்ப நலன் முரண் வருது. நீங்க வெளியே இருக்கணும்."

"என் ரத்தத்துக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கேனே சார்?"

"உங்க ரத்தம் உங்க சொந்த விஷயம். மனைவி ரத்தம் அப்படியில்ல."

டிரைவர் வெளியே போய் நின்றார். உள்ளே நான்கு பேர்தான் இருக்கிறார்கள், கூட்டம் செல்லாது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். டிரைவரை உள்ளே கூப்பிட்டார்கள். கூட்டம் தொடங்கியது. விண்ணப்பம் எடுத்துக்கொள்ளப்பட்டதும் அவரை வெளியே போகச் சொன்னார்கள். கூட்டம் கலைந்தது. மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை வெளியே போனபோது அவர், "சார், கதவைத் திறந்தே வச்சிருங்க, வந்து போகச் சுலபமா இருக்கும்" என்றார். அதிலிருந்து தலைவருக்கு ஒரு வழி தோன்றியது. டிரைவர் வாசற்படியில் நிற்கலாம். குழுவை எண்ணும்போது உள்ளே இருப்பதாகவும், விண்ணப்பத்தைப் பேசும்போது வெளியே இருப்பதாகவும் கொள்ளலாம். இதற்கு முன்னுதாரணம் இல்லை என்றாலும் தடையும் இல்லை என்று குறித்துக்கொண்டார்கள்.

டிரைவர் வாசற்படியில் நின்றார். விண்ணப்பம் ஒருமனதாக ஏற்கப்பட்டது.

"ரொம்ப நன்றி சார். இன்னிக்கே அளந்துருவாங்களா?"

"அளக்கலாம். நிபந்தனை ஒன்னு இருக்கு" என்றார் தலைவர். "நோயாளியோட அந்தரங்கத்தைக் காப்பாத்தறது எங்க கடமை. அதனால முடிவை நோயாளிகிட்டயோ, அவங்க உறவுக்காரங்ககிட்டயோ, அவங்க டாக்டர்கிட்டயோ சொல்லக்கூடாது."

"அப்ப யார்கிட்ட சொல்வீங்க?"

"பொதுமக்கள்கிட்ட. கட்டுரையா வரும். அடுத்த வருஷம்."

"நான்தானே சார் பொதுமக்கள்?"

"இந்த விஷயத்துல நீங்க வெளியேதானே இருக்கீங்க" என்றார் தலைவர், வாசற்படியைக் காட்டி.

டிரைவர் நான்கு பேரையும் அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு மருத்துவமனைக்குப் போனார். மனைவியின் முகம் உப்பியிருந்தது. பேசவில்லை. விரலை மட்டும் அசைத்து, என்ன ஆச்சு என்று கேட்டாள். "எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க" என்றார் அவர். அது உண்மை என்பதால் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

மாலையில் அவர் ஆய்வகத்துக்குப் போனபோது மாணவி குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மனைவியின் ரத்தக் குழாய் அங்கிருந்த குளிர்பெட்டியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் வந்திருந்தார்.

"நாளைக்கு விழாவுக்கு உங்க ரத்தம் வேணும் அண்ணா" என்றாள் மாணவி, திரும்பாமலே. "காலைல எடுத்து நீங்களே மேடைக்குக் கொண்டுவந்துருங்க. வழக்கம்போலத்தான். ஆயிரம் பங்கு கரைப்பேன். ரெண்டு கலப்பேன். திரையில ரெண்டுன்னு வரும்."

"என் ரத்தத்துல ஏற்கெனவே மருந்து இருந்தா?"

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாணவி அதை மூடினாள்.

"இருக்கறதோட ரெண்டைச் சேர்த்துக் காட்டும்."

"ஓகோ."

"ரெண்டைக் கழிச்சுட்டு ஆயிரத்தால பெருக்கினா, உடம்புல இருக்கற அளவு." அவள் மேசை இழுப்பறையைத் திறந்து, "நார்மல்" என்று அச்சிட்ட தாள்கள் இருந்த சுருளை எடுத்தாள். ஒன்றைக் கிழித்து மேசைமேல் வைத்தாள். "சார் குழாய்மேல என்ன எழுதியிருக்குன்னுதான் பாப்பார் அண்ணா. உள்ள யாருன்னு கேட்டதே இல்ல." பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, விளக்கை அணைக்காமல், வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. சிறப்பு விருந்தினர், ஆராய்ச்சிகளுக்கு நிதி தரும் வாரியத்தின் தலைவர். இயக்குநர் கடலைப் பற்றிப் பேசினார். கடலின் ஆழம், பரப்பு, அலை என்று வரிசையாகச் சொல்லி, அதில் விழுந்த ஒரு துளி மருந்து இனி எங்கும் ஒளிந்துகொள்ள முடியாது என்றார். கடலில் புற்றுநோய் மருந்தை யார் ஊற்றப் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

டிரைவர் மேடையேறிக் குழாயைக் கொடுத்தார். "ஆரோக்கியமான மனிதர்" என்று இயக்குநர் அவரை அறிமுகப்படுத்தினார். கைதட்டல் எழுந்தது. முழங்கை மடிப்பில் வழக்கமாக இருக்கும் பஞ்சு அன்று இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. அவர் படியிறங்கி, அரங்கின் பின்கதவருகே போய் நின்றுகொண்டார்.

மாணவி கரைத்தாள். எல்லாரும் பார்க்கும்படி இரண்டு அளவு மருந்தைக் கலந்தாள். பட்டையின் முனையில் ஒரு சொட்டு வைத்தாள். மேடைக்குப் பின்னாலிருந்த பெரிய திரையில் ஒரு கோடு இறங்கி, நின்று, எண்ணாக மாறியது.

எட்டு.

அரங்கில் யாரோ இருமினார்கள். இயக்குநர் திரையைப் பார்த்தார். மாணவியைப் பார்த்தார். மாணவி பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிதி வாரியத் தலைவர் கைதட்டுவதற்காகத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. அந்தக் கைகளைக் கண்டதும் இயக்குநருக்கு நிதானம் திரும்பியது.

"நாம் கலந்தது இரண்டு" என்றார் ஒலிபெருக்கியில். "நம் கருவி கண்டுபிடித்திருப்பது எட்டு. நண்பர்களே, உலகத்தில் உள்ள மற்ற கருவிகள் எல்லாம் போட்டதை மட்டுமே கண்டுபிடிக்கின்றன. நூறு சதவீதத்தோடு திருப்தி அடைந்துவிடுகின்றன. இன்று நாம் அடைந்திருப்பது நானூறு சதவீதம்!"

அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. நிதி வாரியத் தலைவர் தன் உரையில், வாரியம் போடும் பணத்துக்கும் இதே விகிதத்தில் பலன் கிடைக்க வேண்டும் என்பதே தன் நெடுநாள் ஆசை என்றார். போட்டதற்கு மேல் மூன்று மடங்கு எங்கிருந்து வந்தது என்று முன்வரிசையிலிருந்த ஓர் இளம் விஞ்ஞானி கேட்டார். "அதுதான் கூர்மை" என்றார் இயக்குநர். விஞ்ஞானி எழுதிக்கொண்டார்.

பின்கதவுக்கு வெளியே டிரைவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மருத்துவரிடம் போனில் பேசினார்.

"எட்டு டாக்டர். ரெண்டு அவங்க போட்டது."

"அப்ப ஆறு. கரைச்சது ஆயிரம் பங்குதானே? நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"இருக்கவேண்டியதைவிட ரொம்ப அதிகம். இப்பவே முறிவு மருந்தைக் கூட்டறேன்." அவர் நர்ஸிடம் சொல்லிவிட்டு மறுபடி போனுக்கு வந்தார். "அங்க என்ன சத்தம்? யாரு கைதட்டறாங்க?"

"மெஷின் வேலை செஞ்சிருச்சுன்னு தட்டறாங்க டாக்டர்."

செவ்வாய்க்கிழமை வெளியூர் ஆய்வகத்தின் முடிவு வந்தது. ஆறாயிரத்து நூறு. அதற்குள் நான்கு நாளாகக் கூடுதல் முறிவு மருந்து ஏறியிருந்தது. மனைவியின் முக வீக்கம் வடியத் தொடங்கியிருந்தது. "அப்ப வாழைப்பழம் குடுக்கலையா?" என்று கேட்டாள். குடுக்கவில்லை என்றார் டிரைவர்.

நானூறு சதவீதக் கட்டுரை அச்சுக்குப் போகுமுன், கட்டுரையைப் பரிசீலித்த ஒருவர் ஆரோக்கியமான மனிதரின் உடலில் முன்பே மருந்து இருந்திருக்கக்கூடுமோ என்று கேட்டு எழுதினார். நிறுவனம் டிரைவரின் ரத்தத்தை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பியது. அதில் மருந்து எதுவும் இல்லை என்று பதில் வந்தது. வெளியூர்க் கருவிக்குப் போதிய கூர்மை இல்லை என்ற முடிவுக்கு நிறுவனம் வந்தது. ஆயினும் முன்னெச்சரிக்கையாக டிரைவர் ஆரோக்கியமான மனிதர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்த இடத்துக்கு வாசல் காவலர் நியமிக்கப்பட்டார். பொதுமனிதர் பொறுப்பில் டிரைவரே தொடர்கிறார். உறுப்பினர்களை அழைத்துவர வேறு ஆள் இல்லை.

நாற்பத்திரண்டாவது கருவி ஐந்நூறு சதவீதத்தை இலக்காகக் கொண்டு தயாராகி வருகிறது.

டிரைவரின் மனைவி ஏப்ரல் மூன்றாம் தேதி வீடு திரும்பினாள். சிறுநீரகம் பழைய நிலைக்கு வந்துவிட்டதாக மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அன்று நிறுவனத்தின் காரைக் கேட்டதற்கு, நோயாளிகளை ஏற்றிச்செல்ல அதற்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இருவரும் பஸ்ஸில் போனார்கள். உட்கார இடம் கிடைத்தது.